ஹால்ட் அடித்த பிறகும் ஃபேன் ஓடுகிறதே?

2023 ஜூன் 11, காலை

வந்த கேள்வி இது: “பழைய டெஸ்க்டாப்பில் ஃப்ரீபிஎஸ்டி 13 (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) போட்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் ‘ஹால்ட்’ அடித்தால் திரையில் இரண்டு வரி வந்து அப்படியே நிற்கிறது, ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறேன். தினமும் இப்படித்தான், ஒன்றும் ஆகவில்லை. ஹால்ட், ரீபூட், பவர்ஆஃப், ஷட்டவுன் என்று நாலு கட்டளை எதற்கு? எப்படியும் கரண்ட் போகத்தான் போகிறது, ஜர்னல் (வட்டில் செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏடு) வேறு இருக்கிறது. இதில் என்ன சம்பிரதாயம் வேண்டிக்கிடக்கு?”

ஃபேன் ஓடுவதில் தப்பில்லை. ஹால்ட் என்றால் ‘நில்’, அவ்வளவுதான். கரண்டைத் துண்டி என்று நீங்கள் சொல்லவேயில்லை. இந்தக் கட்டளைகள் பிறந்த காலத்தில் கணினியால் தன் மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொள்ள முடியாது. 1995-ல் ஏடிஎக்ஸ் பலகை வருவதற்கு முந்தைய பிசிக்களில் முன்பக்கப் பட்டன் நிஜமான சுவிட்ச். வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி ‘டக்’ என்று விழும். இயங்குதளத்தால் முடிந்ததெல்லாம், எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டு ‘இனி நீ அணைத்துக்கொள்’ என்று சொல்வதுதான். விண்டோஸ் 95 கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் சொன்னதும் இதையேதான்.

உங்கள் திரையில் வந்த இரண்டு வரி: இயங்குதளம் நின்றுவிட்டது; மீண்டும் தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்தவும். ‘ஏதாவது ஒரு விசை’ என்பதைக் கவனியுங்கள். வீட்டில் பூனை இருந்தால் யோசிக்க வேண்டிய விஷயம்.

உங்களுக்கு வேண்டியது ‘ஷட்டவுன் -பி நவ்’. ‘-பி’ மின்சாரத்தையும் துண்டிக்கும்.

ஆனால் ஃபேனைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உங்கள் ஃப்ரீபிஎஸ்டி 13-ல் ஹால்ட், ரீபூட் இரண்டும் ஆர்சி.ஷட்டவுன் என்ற ஸ்கிரிப்டை ஓட்டாது. சேவைகளை ஒவ்வொன்றாக ‘ஸ்டாப்’ சொல்லி நிறுத்துவது அந்த ஸ்கிரிப்ட்தான். ஷட்டவுன் வழியாகப் போனால் இனிட் (கணினி எழுந்ததும் முதலில் ஓடும் தாய் நிரல்) அதை ஓட்டும். ஹால்ட் நேரே போய் எல்லாரையும் கொன்றுவிடும். இதை நான் 17 அட்டைப்பெட்டிகளைத் தொலைத்துக் கற்றுக்கொண்டேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

2023 ஜூன் 11, இரவு

‘கொன்றுவிடும்’ என்று எழுதியது கொஞ்சம் அதிகம், ஒருவர் பிடித்துவிட்டார். ஹால்ட்டும் முதலில் எல்லா நிரல்களுக்கும் சிக்டெர்ம் அனுப்புகிறது. அதாவது ‘மூட்டை கட்டு’. கொஞ்ச நேரம் பொறுத்து, இன்னும் போகாதவர்களுக்கு சிக்கில் (நாகப்பட்டினம் பக்கத்து ஊர் அல்ல). கோப்பு முறைமையின் இடைத்தேக்கத்தை (இன்னும் வட்டுக்குப் போகாமல் நினைவகத்தில் நிற்பதை) வட்டுக்கு எழுதியும் விடுகிறது. ஆகவே ஹால்ட் காட்டுமிராண்டி இல்லை. விட்டுப்போவது ஒன்றே ஒன்று: யாரை முதலில் நிறுத்த வேண்டும் என்ற வரிசை. அதோடு ஒவ்வொரு சேவையும் தனக்கென்று எழுதிவைத்த ‘ஸ்டாப்’ பகுதியும்.

சிக்டெர்மை ஒழுங்காகப் பிடித்துத் தன் வேலையை முடித்துக்கொள்ளும் நிரலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பெரிய தரவுத்தளங்கள் எல்லாம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கினாலும் பதிவேட்டைப் படித்து எழுந்துவிடும். மாட்டிக்கொள்வது நீங்களும் நானும் ராத்திரி 11 மணிக்கு எழுதிய சின்ன நிரல்கள்.

2023 ஜூன் 14

“ஜர்னல் இருக்கிறதே” என்பதற்குப் பதில் சொல்லாமல் விட்டேன்.

ஜர்னல் இல்லாத காலத்தைப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். 2001-ல் நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் லினக்ஸ் சர்வர், எக்ஸ்ட்2 கோப்பு முறைமை, யூபிஎஸ் பேட்டரி செத்துப்போனது. கரண்ட் போகும், ஜெனரேட்டருக்கு ஆள் ஓடுவார், அதற்குள் சர்வர் விழுந்திருக்கும். கரண்ட் வந்ததும் எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைப் பரிசோதித்துச் சரிசெய்யும் கருவி) ஆரம்பிக்கும். தானாகச் சரிசெய்ய முடியாத அளவுக்குப் போனால் ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கேட்டு நின்றுவிடும். கையால் ஓட்டினால், ஐநோடு (ஒரு கோப்பின் விவரக் குறிப்பு) எண் இத்தனை, இதைச் சரிசெய்யட்டுமா, ஆம் என்றால் ‘ஒய்’. அடுத்தது, ‘ஒய்’. அடுத்தது. முதல் நாள் நாற்பது கேள்விகள் வரைக்கும் ஒவ்வொன்றையும் படித்து யோசித்துப் பதில் சொன்னேன். எதற்காவது ‘வேண்டாம்’ சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியாது. அப்புறம் பேனா மூடியை ‘ஒய்’ விசைக்கும் பக்கத்து விசைக்கும் நடுவில் செருகிவிட்டு டீ குடிக்கப் போனோம். எஃப்எஸ்சிகே கட்டளைக்கே ‘-ஒய்’ என்றொரு விருப்பம் உண்டு என்று தெரிய ஆறு மாதம் ஆனது.

திரும்பி வந்து பார்த்தால் ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ அடைவு முழுக்க வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகள். எது யாருடைய பில் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

எக்ஸ்ட்3 வந்ததும் (2001 நவம்பரில், லினக்ஸின் மையமான கெர்னலின் 2.4.15 பதிப்போடு) இந்தக் கூத்து நின்றது. ஆனால் ஜர்னல் காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பை: எந்தக் கோப்பு எங்கே, எந்தக் கட்டம் யாருக்கு. நிரல் இன்னும் நினைவகத்திலேயே வைத்திருக்கும் வரிகளைப் பற்றி ஜர்னலுக்கு ஒன்றும் தெரியாது. வீடு இடியாது, அவ்வளவுதான். அடுப்பில் பாதி வெந்த சோறுக்கு அது பொறுப்பில்லை.

2023 ஜூன் 15

அணைக்கும் முன் மூன்று தடவை ‘சிங்க்’ (நினைவகத்தில் நிற்பதை வட்டுக்கு எழுதச் சொல்லும் கட்டளை) அடிக்க வேண்டுமா என்று ஒருவர். வேண்டாம்.

இது பழைய பாட்டி வைத்தியம், காரணம் இல்லாமலும் இல்லை. பழைய யூனிக்ஸில் சிங்க் ‘எழுதச் சொல்லிவிட்டேன்’ என்று உடனே திரும்பிவிடும். எழுதி முடிந்ததா என்று பார்க்காது. மூன்று தடவை, மூன்று தனி வரியில் அடித்தால், அந்தத் தட்டச்சு நேரத்தில் வட்டு எழுதி முடித்துவிடும். டெலிடைப் காலத்து வேகத்தில் அது நல்ல இடைவெளிதான். பின்னால் வந்தவர்கள் ஒரே வரியில் அரைப்புள்ளி போட்டு ‘சிங்க்; சிங்க்; சிங்க்’ என்று அடித்ததில் அந்த இடைவெளியே போய்விட்டது, மந்திரம் மட்டும் மிஞ்சியது. லினக்ஸில் 1.3.20 கெர்னலிலிருந்தே சிங்க் முடியும்வரை காத்திருக்கிறது.

நான் இன்னும் இரண்டு தடவை அடிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2023 ஜூன் 24

“எல்லா யூனிக்ஸிலும் ஒன்றுதானே” என்று கேட்டவருக்கு. ஐயோ, இல்லை.

ஷட்டவுன் கட்டளையே யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்துச் சரக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இயன் ஜான்ஸ்டன் என்பவர் தங்கள் 6-ஆம் பதிப்பு யூனிக்ஸுக்காக எழுதியது. அங்கிருந்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனது. ஒரு கணினியில் முப்பது மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இது பிறந்தது என்றால் ஏன் இதில் பாதி வேலை ஆட்களுக்கு அறிவிப்பு கொடுப்பதாக இருக்கிறது என்பது புரியும். நேரம் நெருங்க நெருங்க அடிக்கடி எச்சரிக்கும். கடைசி 5 நிமிடத்தில் ‘நோலாகின்’ என்று ஒரு கோப்பை வைத்துப் புதிதாக யாரையும் உள்ளே விடாது. கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்திக்குக் கதவைச் சாத்துகிற மாதிரி.

அப்புறம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போனது. எச்பி கம்பெனியின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸில் ரூட் அடைவில் (எல்லாவற்றுக்கும் மேலான அடைவு) நின்றுகொண்டு அடித்தால்தான் ஷட்டவுன் ஓடும். சன் கம்பெனியின் சோலாரிஸில் ‘-ஜி’க்குப் பின் வரும் எண் விநாடி, லினக்ஸில் ‘+’க்குப் பின் வருவது நிமிடம். சோலாரிஸில் ‘ரீபூட்’ நிறுத்தும் ஸ்கிரிப்டுகளை ஓட்டாது, ‘இனிட் 6’ (இதுவும் மீண்டும் தொடங்கச் சொல்வதுதான்) ஓட்டும். லினக்ஸின் பழைய இனிட்டான சிஸ்விஇனிட்டில் 2.74 பதிப்புக்கு முன்பு ஹால்ட்டை நேரே கூப்பிடவே கூடாது. அதற்குப் பிறகு ஹால்ட்டே ‘நான் போகக் கூடாத நேரம்’ என்று புரிந்துகொண்டு ஷட்டவுனைக் கூப்பிடும். அதனால்தான் லினக்ஸில் பழகியவர்கள் ஹால்ட்டை நம்புகிறார்கள், ஃப்ரீபிஎஸ்டிக்கு வந்து மாட்டுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ‘கில்ஆல்’. லினக்ஸில் பெயர் சொன்னால் அந்தப் பெயருள்ள நிரல்களை மட்டும் நிறுத்தும். சோலாரிஸில் அது ஷட்டவுன் உள்ளே பயன்படுத்தும் கருவி. பெயருக்கேற்றபடி எல்லாரையும் நிறுத்தும். லினக்ஸ் பழக்கத்தில் சோலாரிஸில் ரூட்டாக ‘கில்ஆல்’ அடித்தவர் முகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முதலில் நெட்வொர்க்கைத் திட்டினார்.

2023 ஜூலை 2

மேலே உள்ளதில் ஒன்றை விட்டேன். அது என் சொந்த அவமானம் என்பதால் வேண்டுமென்றே விட்டேன்.

சிஸ்டம்டி (பழைய இனிட்டுக்குப் பதில் வந்தது) உள்ள லினக்ஸில் ‘ஷட்டவுன் நவ்’ அடித்தால் கணினி அணையும். ஃப்ரீபிஎஸ்டியில் ‘-பி’, ‘-ஆர்’, ‘-எச்’ எதுவும் கொடுக்காமல் ‘ஷட்டவுன் நவ்’ அடித்தால் ஒற்றைப் பயனர் நிலைக்குப் போய் உட்காரும். அணையவும் அணையாது, நெட்வொர்க் வழியாக உள்ளே வரவும் விடாது. வீட்டிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிடங்கு சர்வரில், ராத்திரி 10:40-க்கு, என் லேப்டாப்பை அணைப்பதாக நினைத்துக்கொண்டு தப்பான ஜன்னலில் அடித்தேன்.

கிடங்கில் இருந்தது வாட்ச்மேன் அண்ணன் மட்டும். போன் போட்டேன்.

“அண்ணே, கம்ப்யூட்டர் ரூம்ல டிவி மாதிரி இருக்குல்ல, அதுல கடைசி வரி என்ன இருக்கு?”

“இங்கிலீஷ்ல இருக்கு தம்பி.”

ஷெல்லின் (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கும் நிரல்) முழுப் பாதையைக் கொடு, இல்லையென்றால் என்டரைத் தட்டு என்று அது கேட்டுக்கொண்டிருக்கும். என்டரைத் தட்டச் சொன்னேன். ‘எக்ஸிட்’ என்று அடித்தால் போதும், மீண்டும் பல பயனர் நிலைக்கு ஏறிவிடும்.

“முதல்ல ‘இ’. அப்புறம் ‘எக்ஸ்’.”

“எக்ஸுன்னா பெருக்கல் குறி மாதிரி இருக்குமே, அதானே?”

“அதேதான்ணே.”

அடித்தார். எதுவும் வரவில்லை, ஏதோ கட்டளை இல்லை என்கிறது என்றார். இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது தடவை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்லச் சொன்னபோதுதான் தெரிந்தது, எண் வரிசையில் 8-க்கு மேல் இருக்கும் நட்சத்திரக் குறியைத் தேடிப்பிடித்து, ஷிஃப்ட் எல்லாம் சரியாக அழுத்தி அடித்திருக்கிறார். நான்தான் பெருக்கல் குறி என்று ஒத்துக்கொண்டேனே.

அன்று முதல் தூரத்து சர்வர் ஜன்னல் எல்லாம் என்னிடம் சிவப்புப் பின்னணியில் இருக்கும். டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) சர்வர்களில் ‘மாலி-கார்டு’ என்ற பொதி கண்டிப்பாக உண்டு: தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வந்து ரீபூட் அடித்தால், கணினியின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லும். தப்பான பெயரைச் சொன்னால் விடாது. பெயர்க் காரணம் அழகு. ஐபிஎம் 4341-ன் பெரிய சிவப்பு சுவிட்சை ஒரு நிரலாளரின் சின்ன மகள் ஒரே நாளில் இரண்டு தடவை அழுத்திவிட, அதற்கு மேல் ஒரு பிளெக்ஸிகிளாஸ் மூடி போட்டார்களாம். அவள் பெயர் மாலி.

2023 ஜூலை 3

“17 பெட்டி என்னாச்சு?” சரி, சொல்கிறேன்.

அதே கிடங்கு, 2008, ஃப்ரீபிஎஸ்டி 7. பார்கோடு ஸ்கேனரிலிருந்து வரும் வரிகளை நினைவகத்தில் சேர்த்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பில் எழுதும் ஒரு பெர்ல் நிரல், என் கைவண்ணம். வட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அப்படி ஒரு புத்திசாலித்தனம். அதற்கு ஒரு ஆர்சி ஸ்கிரிப்டும் எழுதினேன்: ‘ஸ்டார்ட்’ என்றால் தொடங்கும், ‘ஸ்டாப்’ என்றால் முதலில் ஒரு சிக்னல் கொடுத்துக் கையிலிருப்பதை எழுதச் சொல்லி, பிறகு நிறுத்தும். கையால் ஓட்டிப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது.

ஒரு சாயங்காலம் ஏதோ மேம்படுத்தலுக்காக ‘ரீபூட்’ அடித்தேன். மறுநாள் காலை ஸ்டோர் கீப்பர் ஐயா வந்தார். “தம்பி, நேத்து சாயங்காலம் ஏத்தின பதினேழு பெட்டி கணக்குலயே இல்லையே. லாரி ஓசூர் தாண்டிருச்சு.” கையால் எழுதிய சிட்டை இருந்ததால் பிழைத்தேன்.

ரீபூட் ஆர்சி.ஷட்டவுனை ஓட்டாது, அதனால் என் ‘ஸ்டாப்’ ஓடவில்லை, ஆகவே இனி எல்லாரும் ‘ஷட்டவுன் -ஆர் நவ்’ என்று சுவரில் ஒட்டினேன். ஜூன் 11 அன்று மேலே எழுதியதும் அதே பாடம்தான்.

2023 ஆகஸ்ட் 19

ஜூலை 3 குறிப்பு தப்பு. பாதி தப்பு.

பழைய பேக்கப் வட்டு ஒன்றைத் துடைத்துக் கொடுக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அந்த ஆர்சி ஸ்கிரிப்ட் இருந்தது, தேதியோடு. மேலே ‘ப்ரொவைட்’ வரி இருக்கிறது, ‘ரெக்வயர்’ வரி இருக்கிறது. ‘கீவேர்ட்: ஷட்டவுன்’ என்ற வரி இல்லை.

தெரியாதவர்களுக்கு: ஃப்ரீபிஎஸ்டியின் உறவான நெட்பிஎஸ்டி 1.5-ல் (2000) வந்து, ஃப்ரீபிஎஸ்டி 5-ல் எடுத்துக்கொள்ளப்பட்ட ஏற்பாடு இது. ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தலையில் ‘நான் இன்னதைத் தருகிறேன், எனக்கு இன்னது வேண்டும்’ என்று எழுதிவைக்கும். ஆர்சிஆர்டர் என்ற கருவி அதையெல்லாம் படித்து வரிசை போடும். அணைக்கும்போது அதே வரிசை தலைகீழாக. ஆனால் அணைக்கும்போது எல்லா ஸ்கிரிப்டும் ஓடாது. ‘கீவேர்ட்: ஷட்டவுன்’ என்று எழுதியிருப்பவை மட்டும்தான். மற்றவர்களுக்குக் கடைசியில் பொதுவான சிக்டெர்ம், அதோடு சரி. பெரும்பாலான சேவைகளுக்கு அது போதும் என்பதால் அணைப்பு வேகமாக முடியட்டும் என்று வைத்தது, நல்ல யோசனைதான்.

ஆகவே அன்றைக்கு நான் ‘ஷட்டவுன் -ஆர் நவ்’ அடித்திருந்தாலும் 17 பெட்டி போயிருக்கும். சுவரில் ஒட்டிய பிறகும் இரண்டு மூன்று தடவை கணக்கு இடித்தது. ஸ்கேனர் பையன் மேல் பழி போட்டேன். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ. தம்பி, தப்பு என்னுடையது.

பதினைந்து வருஷமாக ஒரு தப்பான காரணத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதுதான் உறுத்துகிறது. ஹால்ட்டும் ரீபூட்டும் ஆர்சி.ஷட்டவுனைத் தாண்டிப் போவது உண்மை. என் பெட்டிகள் போனதற்கு அது முழுக் காரணம் இல்லை.

2023 ஆகஸ்ட் 20

நேற்று இரவு தூக்கம் வராமல் யோசித்ததில் இன்னொன்று நினைவுக்கு வந்தது. இதே பொறி பழைய ரெட் ஹாட் லினக்ஸிலும் உண்டு. அங்கே ‘கே’ எழுத்தில் தொடங்கும் இணைப்பு வைத்தால் அணைக்கும்போது நிறுத்தும் என்று எல்லாரும் படித்திருப்போம். வைத்தாலும் ஓடாது! ‘வார்’ அடைவுக்குள் ‘லாக்’, அதற்குள் ‘சப்சிஸ்’. அங்கே அந்தச் சேவையின் பெயரில் ஒரு காலிக் கோப்பு இருந்தால்தான் ‘இது ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு ‘ஸ்டாப்’ கூப்பிடும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ‘ஸ்டார்ட்’ பகுதியில் அந்தக் காலிக் கோப்பை உருவாக்கும் ‘டச்’ வரி போட மறந்தால் தீர்ந்தது கதை.

சிஸ்டம்டியில் அந்த வம்பு இல்லை என்று நினைத்தால் அங்கே வேறு ரகம். ‘ஒன்ஷாட்’ (ஒரு தடவை ஓடி முடியும்) வகைச் சேவைக்கு ‘ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட்’ (முடிந்தாலும் ஓடுவதாகவே வைத்துக்கொள்) போடாமல் ‘எக்ஸெக்ஸ்டாப்’ (நிறுத்தும் கட்டளை) எழுதினால், தொடக்கக் கட்டளை முடிந்த கையோடு நிறுத்தும் கட்டளை ஓடிவிடும். அணைக்கும்போது ஓட அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.

மூன்று அமைப்பு, மூன்று பொறி, எல்லாம் ஒரே பக்கம். தொடக்கம் ஓடவில்லையென்றால் காலை 9 மணிக்கே போன் வந்துவிடும், பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவோம். நிறுத்தம் ஓடவில்லையென்றால் யார் பார்க்கிறார்கள்? திரை அணைந்துகொண்டிருக்கிறது, நாம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருக்கிறோம். கையால் ‘ஸ்டாப்’ அடித்துப் பார்ப்பது சோதனையே இல்லை. நான் அதைத்தான் செய்தேன், பாஸ் ஆனது.

2023 ஆகஸ்ட் 20, மாலை

ஆக, சோதிப்பது எப்படி என்று கேட்கிறார்கள். ‘ஸ்டாப்’ பகுதியின் முதல் வரியாக தேதியை ஒரு கோப்பில் சேர்க்கும் வரி ஒன்று போடுங்கள். நிஜமாகவே ஒரு தடவை அணைத்துத் தொடங்குங்கள் (ஃப்ரீபிஎஸ்டியில் ‘ரீபூட்’ அல்ல, ‘ஷட்டவுன் -ஆர் நவ்’). கோப்பில் வரி இருக்கிறதா பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

2023 நவம்பர் 5

சிஸ்டம்டியைத் திட்டி ஒருவர் எழுதியிருக்கிறார். தீபாவளி நேரத்தில் இவ்வளவு கோபம் ஏன், ஐயா?

நானும் திட்டியவன்தான். சிஸ்டம்டியை உருவாக்கிய லென்னார்ட் பாட்டரிங் 2010 ஏப்ரலில் தன் யோசனையை எழுதியபோது ‘இனிட்டுக்கு என்ன குறைச்சல்’ என்று கேட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். 2011-ல் ஃபெடோரா 15, 2015-ல் டெபியன் 8 என்று லினக்ஸ் வகைகள் எல்லாம் அந்தப் பக்கம் போன பிறகு என் கோபம் ஒரே வரியில் வந்து நின்றது: “ஸ்டாப் ஜாப் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது”, பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இங்குமங்கும் ஓடும், 1 நிமிடம் 30 விநாடிக்கு எண்ணிக்கை. ரயிலுக்கு நேரமாகும்போது பார்த்தால் லேப்டாப்பை ஜன்னல் வழியாக எறியத் தோன்றும். (ஃபெடோரா 38-ல் இதை 45 விநாடியாகக் குறைத்துவிட்டார்கள்.)

என் வீட்டு சர்வரில் அந்த 90 விநாடி தினமும் வரும். நேரத்தை 10 விநாடியாகக் குறைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். போன மாதம் உட்கார்ந்து பதிவேட்டைப் படித்தால், ஒவ்வொரு நாளும் காத்திருந்தது நான் எழுதிய பேக்கப் சேவைக்காக. அது நெட்வொர்க் வட்டில் கடைசித் துண்டை எழுத முயன்றுகொண்டிருந்தது; நெட்வொர்க்கோ அதற்கு முன்பே இறங்கிவிட்டது. ‘ஆஃப்டர்’ (இதற்குப் பிறகு தொடங்கு) வரியில் நெட்வொர்க்கை நான் எழுதவில்லை. தொடங்கும்போது நெட்வொர்க் எப்போதும் தற்செயலாக முன்னால் வந்துவிட்டதால் தெரியவேயில்லை. பந்தல் போடும்போது கால் நட்டுவிட்டுத்தான் கீற்று வேய்கிறோம். பிரிக்கும்போது கீற்றை இறக்கிவிட்டுத்தான் காலைப் பிடுங்க வேண்டும். ‘ஆஃப்டர்’ எழுதினால் சிஸ்டம்டி அந்தத் தலைகீழ் வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும். எழுதாவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு வரி சேர்த்தேன். இப்போது 4 விநாடியில் அணைகிறது. 90 விநாடியைப் பத்தாகக் குறைத்து நான் செய்தது, எட்டு மாதமாக என் பேக்கப்பின் வாலை வெட்டியதுதான்.

அவசரக்காரர்களுக்கு: கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட்டை 2 விநாடிக்குள் 7 தடவைக்கு மேல் அடித்தால் சிஸ்டம்டி யாருக்கும் காத்திருக்காமல் ரீபூட் ஆகும். கோபத்தில் மனிதன் எப்படி அடிப்பான் என்று பார்த்து வைத்த மாதிரி இருக்கிறது.

2023 நவம்பர் 6

யூபிஎஸ் பற்றி எழுதச் சொன்னவருக்கு, சுருக்கமாக.

பழைய இனிட்டிலேயே இது உண்டு. மின்சாரம் போனதை யூபிஎஸ் கவனிக்கும் நிரல் இனிட்டுக்கு சிக்பவர் சிக்னல் மூலம் சொல்லும். ரெட் ஹாட்டில் இனிட் படிக்கும் இனிட்டாப் என்ற அமைப்புக் கோப்பில் அதற்கு ஒரு வரி: 2 நிமிடத்தில் அணை. அடுத்த வரி: கரண்ட் வந்துவிட்டால் ‘ஷட்டவுன் -சி’, ரத்து. அழகான ஏற்பாடு. சிக்கல், 2 நிமிடம் 5 விநாடியில் கரண்ட் வந்தால். அணைப்பு தொடங்கிவிட்டது, இனி ரத்து கிடையாது. சர்வர் அணைந்தது, யூபிஎஸ் பேட்டரியில் உயிர் இருந்ததால் அதன் வெளியீடு நிற்கவேயில்லை. பயாஸில் (கணினிப் பலகையிலேயே இருக்கும் தொடக்க நிரல்) ‘கரண்ட் வந்தால் எழுந்திரு’ என்று வைத்திருந்தேன், ஆனால் பயாஸைப் பொறுத்தவரை கரண்ட் போகவேயில்லையே. எல்லா லைட்டும் எரிகிற ஆபீசில் காலை முழுக்க சர்வர் மட்டும் படுத்துக் கிடந்தது.

நட் எனப்படும் நெட்வொர்க் யூபிஎஸ் கருவித் தொகுப்பு இதற்குத்தான் அணைப்பின் கடைசிக் கட்டத்தில் யூபிஎஸ்ஸுக்கே ‘நீயும் அணைந்து எழு’ என்று கட்டளை கொடுக்கிறது. அந்தக் கட்டளையை ஓட்டுவதும் ஒரு நிறுத்த ஸ்கிரிப்ட்தான். அது ஓடுகிறதா என்று பார்த்தீர்களா?

2023 நவம்பர் 6, பின்குறிப்பு

லினக்ஸில் எல்லா வழியும் கடைசியில் ‘ரீபூட்’ என்ற ஒரே கெர்னல் அழைப்பில் போய் முடியும். தவறிப்போய் யாரும் கூப்பிடக் கூடாது என்று இரண்டு மாய எண்கள் கேட்கும். முதலாவது, பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறு இலக்கங்கள் உள்ள எண்முறை) எழுதினால் ‘ஃபீல் டெட்’ மாதிரி படிக்கலாம். இரண்டாவது 672274793, அதையும் பதினாறடிமானமாக்கினால் 28121969. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பிறந்த நாள், 28-12-1969.

2024 பிப்ரவரி 18

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். இப்போது ‘ஷட்டவுன் -பி நவ்’ அடிக்கிறாராம், ஃபேன் நிற்கிறது. தன் இசைத் தொகுப்பு நிரலின் ஸ்கிரிப்டில் ‘கீவேர்ட்’ வரி இருக்கிறதா என்று பார்த்தாராம். இல்லை. சேர்த்துவிட்டார்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. அந்தக் கிடங்கு சர்வருக்குப் பதில் வந்த சர்வருக்குப் பதில் வந்த சர்வரை நேற்று நிரந்தரமாக அணைக்க வேண்டும். இந்தத் தடவை நேரில் போனேன். சரியான கீபோர்டா என்று பெயரைப் பார்த்துவிட்டு அடித்தேன், பையை மாட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு சேவையும் நிற்கிற வரி வந்தது, என் ஸ்கேனர் நிரலுடையதும். பிறகு வட்டுக்கு எழுதும் வரி: மீதி 6, 3, 0, 0, முடிந்தது. அப்டைம் (தொடர்ந்து ஓடிய காலம்) 211 நாள். டக்கென்று இருட்டு.

வாட்ச்மேன் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் டீ வாங்கி வந்து, “எக்ஸிட் அடிக்கணுமா சார்?” என்று கேட்டார். கதை அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது போல.